இடுப்புத் துப்பாக்கி யாருக்கு உரிமை?

லைசென்ஸ் வைத்திருப்பவர் கைத்துப்பாக்கியை ஊரார் பார்க்க இடுப்பில் மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கலாம் என்று 2016 ஜனவரி 1 முதல் அனுமதித்தது அமெரிக்காவின் டெக்ஸாஸ் ராஜ்ய சர்க்கார். 2021-ல் லைசென்ஸே வேண்டாம் என்றாகிவிட்டது. இதற்குப் பெயர் சுதந்திரமாம்!

யாருடைய சுதந்திரம் என்று கேட்கிறோம்.

கலிபோர்னியாவில் போலீஸ் கொடுமையைத் தடுக்க, கருஞ்சிறுத்தைகள் கட்சியினர் பகிரங்கமாகத் துப்பாக்கி ஏந்தித் தங்கள் தெருக்களில் ரோந்து வந்தார்கள். அன்றைய சட்டப்படி அது குற்றமல்ல. உடனே வந்தது மல்போர்டு மசோதா! அதை எதிர்த்து 1967 மே 2-ல் அவர்கள் ஆயுதத்துடன் சட்டசபைக்கே சென்றனர். மூன்று மாதத்திற்குள் கவர்னர் ரீகன் கையெழுத்திட்டார். குண்டு போட்ட துப்பாக்கியுடன் பொது இடத்தில் நடமாடத் தடை விழுந்தது. துப்பாக்கி உரிமைக்காக இன்று தொண்டை கிழியக் கத்துகிறதே தேசிய ரைபிள் சங்கம், அதுவும் அன்று தடையை ஆதரித்தது!

பழைய கதை என்பீர்களா? 2016 ஜூலையில் மின்னெசோட்டாவில் பிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பினத் தொழிலாளி, பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை பார்த்தவர், காரை நிறுத்திய போலீஸ்காரரிடம் தம்மிடம் துப்பாக்கி இருப்பதை மரியாதையாகச் சொன்னார். காட்டவில்லை, சொன்னார். லைசென்ஸும் வைத்திருந்தார். சில விநாடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் குற்றவாளியல்ல என்று 2017-ல் ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள்.