இரும்புக்கைக்கு இடமில்லையா?

சிரிக்கிறார்கள்! ஐம்பதைக் கடந்த ஒருவர், மகனுக்குப் பெண் பார்க்கும் பருவத்தில் இருப்பவர், பழைய புத்தகக் கடையின் குவியலைக் கிளறி, அட்டை கிழிந்த இரும்புக்கை மாயாவியைக் கண்டெடுத்து, புதையல் கிடைத்தாற்போல் முகம் மலர்ந்தால், "இந்த வயதிலா?" என்று சிரிக்கிறார்கள். அவர் வீட்டு அலமாரியிலே பேட்மேனும் ஸ்பைடர்மேனும் சாண் உயரத்தில் அணிவகுத்து நின்றால், "பித்து" என்கிறார்கள். சிரிக்கட்டும், சிரிப்புக்கு வரி கிடையாது. ஆனால் சிரிப்பவர் யார் என்று நாம் கேட்கிறோம்.

நவராத்திரி வந்தால் பரணில் இருக்கும் பெட்டியை இறக்கி, படி கட்டி, துணி விரித்து, மரப்பாச்சி முதல் செட்டியார் பொம்மை வரை அடுக்கி வைத்து, ஊரை அழைத்து ஒன்பது நாள் காட்டுகிறார்களே, அவர்கள் என்ன பால்குடி மறவாத பாலகர்களா? பேரன் பேத்தி எடுத்தவர்கள்! அவர்களைப் பார்த்து எவரும் "இந்த வயதிலா?" என்று கேட்டதில்லை. அது கலையாம், இது கிறுக்காம். அது மரபாம், இது மடமையாம். களிமண்ணுக்குக் கிடைக்கும் கண்ணியம் பிளாஸ்டிக்குக்கு ஏன் கிடைப்பதில்லை என்று கேட்டால் விடையில்லை. அமெரிக்காவிலும் இந்தக் கூச்சம் இருந்தது. ஆண் பிள்ளைக்குப் பொம்மையா என்று பெற்றோர் முகம் சுளிப்பார்களே என்றஞ்சி, 1964இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் தன் ஜி.ஐ. ஜோ என்ற படைவீரனுக்கு 'பொம்மை' என்ற பெயரை நீக்கி, 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று புதுப்பெயர் சூட்டி விற்றது. பெயரை மாற்றிப் பெருமை தேடும் வித்தை நம் நாட்டவருக்கு மட்டுமே உரியதன்று போலும்!

பொம்மை வழக்கு நிற்க. நாம் பேச வந்தது புத்தகத்தைப் பற்றி.

1985இல் மாவட்டம் பிரியும் வரை சிவகாசியும் கமுதியும் ஒரே இராமநாதபுரம் மாவட்டத்து ஊர்கள். வானம் பார்த்த பூமி. ஒன்றிலே தீப்பெட்டி, மற்றொன்றின் சுற்றுவட்டாரத்திலே முண்டு மிளகாய். 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டி வந்ததும் அதன்மேல் ஒட்டும் வண்ணச் சீட்டு தேவைப்பட்டது. சீட்டுக்கு அச்சுக்கூடம் தேவைப்பட்டது. அச்சுக்கூடம் வந்தபின் நாட்காட்டி, வாழ்த்து மடல், பட்டாசுப் பெட்டியின் மேலட்டை என்று வண்ணம் பெருகிற்று. அந்த வண்ண ஊரிலிருந்துதான் 1972இல் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ் வெளிவந்தது. அதன் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. 1984இல் லயன் காமிக்ஸ் பிறந்தது. அதே ஆண்டு தினத்தந்தி நிறுவனத்தாரின் ராணி காமிக்ஸும் பிறந்து, 2005 வரை நடந்தது.

மாயாவி நம் நாட்டவன் அல்லன். 1962இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' வார ஏட்டில் பிறந்தவன். அவனை வரைந்த ஜீசஸ் பிளாஸ்கோ ஸ்பெயின் நாட்டுக்காரர். ஆய்வுக்கூட விபத்தொன்றில் கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவன் அவன். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் கண்ணுக்குத் தெரியாது, கை மட்டும் தெரியும். ஆளை மறைத்தாலும் வேலை செய்யும் கையை மறைக்க முடியாது என்று அந்தக் கதைக்காரன் எண்ணி எழுதினானோ இல்லையோ, நமக்கு அப்படித்தான் படுகிறது!

இந்த ஏடுகள் மாளிகைக்கு மட்டும் போகவில்லை. பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையிலே கயிற்றில் தொங்கின. வாடகை நூல்நிலையத்திலே சில்லறைக்குக் கிடைத்தன. ஒரு படியைப் பத்துப் பேர் படித்தார்கள், பதினோராவது ஆள் அட்டையில்லாமல் படித்தான். பள்ளிப் பாடநூல் தவிர வேறு அச்சுத் தாளைக் காணாத வீடுகள் நிறைந்த கமுதி போன்ற ஊர்களிலே, ஒரு சிறுவன் எவருடைய பிரம்புக்கும் அஞ்சாமல், தானே விரும்பி, எழுத்துக் கூட்டி, அடுத்த பக்கம் என்ன ஆகும் என்று துடித்துப் படித்த முதல் தமிழ் எது? புலவர்கள் வருந்தலாம், ஆனால் அது புலவர் எழுதிய தமிழ் அன்று. கட்டத்துக்குள் அடைபட்ட, ஆச்சரியக்குறி நிரம்பிய, சிவகாசித் தமிழ்! சிறுவன் மட்டுமா? பல பத்தாண்டுகளாகத் தினத்தந்தியில் 'கன்னித்தீவு' வந்தபோது தேநீர்க் கடைகளில் அதை முதலில் புரட்டியவர்கள் பள்ளிப் பிள்ளைகளா? படக்கதை படிக்கும் பெரியவர் தமிழ்நாட்டுக்குப் புதியவர் அல்லர். ஒளிக்காமல் படிப்பவர்தான் புதியவர்.

இனி வாசற்படிக்கு வருவோம். வாசற்படியைப் பற்றிக் கமுதிக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1897இல் அவ்வூர் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் மக்கள் நுழைந்தனர். அதற்காக வழக்கு மூண்டு, படிப்படியாக ஏறி, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் 'உள்ளே செல்ல உரிமையில்லை' என்றே தீர்ப்பாயிற்று. சட்டத்தின் துணையோடு கதவு திறக்க 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மனிதனை வெளியே நிறுத்திய கொடுமையும் புத்தகத்தை வெளியே நிறுத்தும் அலட்சியமும் ஒன்று என்று நாம் சொல்லமாட்டோம். அப்படிச் சொல்வது பட்டவர்களைப் பழிப்பதாகும். ஆயினும் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே இருப்பதைப் படிக்காமலே, 'இது தகும், அது தகாது' என்று கையசைக்கும் பழக்கம் இருக்கிறதே, அந்தக் கை நமக்குப் பழக்கப்பட்ட கைதான்.

எதைத் தகும் என்றார்கள்? 1967இல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதை பள்ளிக்குள் மாலை மரியாதையோடு நுழைந்தது. அதுவும் படக்கதைதான். அதிலும் பறக்கிறார்கள், மறைகிறார்கள், மலையைத் தூக்குகிறார்கள். ஆனால் புராணத்தில் பறந்தால் பண்பாடு, சிவகாசியில் பறந்தால் சீரழிவு! மாயாவி வரம் வாங்கி மறையவில்லை, தவம் இருந்து மறையவில்லை. மின்சாரம் பாய்ந்து மறைகிறான். நடக்கக்கூடியதா என்றால் நடக்காதுதான். ஆனால் 'எப்படி?' என்ற கேள்வியைக் குழந்தையின் உள்ளத்தில் எழுப்ப எது துணை நிற்கும், சாபமா, மின்கம்பியா?

சிவகாசி ஏட்டில் வந்தவை எல்லாம் சொக்கத் தங்கம் என்று நாம் வாதாடவில்லை. முகமூடி வேதாளனை எடுத்துக்கொள்ளுங்கள். 1936இல் அமெரிக்கர் லீ ஃபாக் படைத்த பாத்திரம். காட்டு மக்கள் அனைவரும் ஒரு வெள்ளைக்காரனுக்கு அஞ்சி அடங்கி நடக்கிறார்கள். அந்தப் பதவியும் தகப்பனுக்குப் பின் மகன் என்று 21 தலைமுறையாகக் கைமாறுகிறது! பரம்பரைப் பட்டத்தை எதிர்த்த நாட்டிலே இந்தப் பரம்பரை முகமூடியைக் கைதட்டி வரவேற்றோம். இதை ஐம்பது வயதில் மீண்டும் படிக்கும் ரசிகன்தான் கண்டு சொல்ல முடியும். பத்து வயதில் தெரியாதது அப்போதுதான் தெரிகிறது. பெரியவன் படக்கதை படிப்பது ஏன் என்று கேட்பவருக்கு இதுவே விடை.

ஸ்பைடர் என்றொருவன் லயன் காமிக்ஸில் வந்தான். சிலந்தி வலைத் துப்பாக்கியோடு கொள்ளைக்காரனாகத் தொடங்கி, பிறகு கொள்ளையரை அடக்குபவனாக மாறியவன். பிரிட்டன் வார ஏட்டில் அவன் கதைகளைப் பெரிதும் எழுதியவர் அமெரிக்காவின் ஜெரி சீகல். யார் இந்தச் சீகல்? தம் நண்பர் ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனையே படைத்தவர்! புலம்பெயர்ந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகளான அவ்விருவரும் 1938இல் அந்தப் படைப்பின் உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்டனர். பதிப்பகத்தார் கோடி கோடியாய்க் குவித்தனர், படைத்தவர்களோ நீதிமன்றப் படியேறி இறங்கினர். 1975இல்தான் ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும், தம் படைப்பில் தம் பெயரைக் காணும் உரிமையும் கிடைத்தன. இடைப்பட்ட காலத்தில் சீகல் எழுதியவற்றுள் ஒன்றுதான், சிவகாசியில் தமிழ் பேசி, நம் பெட்டிக்கடையில் தொங்கிய ஸ்பைடர். அங்கே ஏமாற்றப்பட்ட எழுத்தாளன் ஒருவனின் கற்பனை, இங்கே எளியவன் கைக்கு எட்டிய விலையில் வந்து சேர்ந்திருக்கிறது.

சூப்பர்மேன் தோன்றிய முதல் இதழின் அன்றைய விலை 10 சென்ட். அதன் படி ஒன்று 2024இல் 60 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அதைப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து முத்திரை வைத்திருந்தார்கள். திறந்தால் மதிப்புக் குறையுமாம், படித்தால் பாழாகுமாம்! இந்த நோய் இங்கேயும் தலைகாட்டத் தொடங்கியிருப்பதைச் சொல்லாமல் விட்டால் நாம் ரசிகர்களுக்கு முகத்துதி பாடுபவர்கள் ஆவோம். 2010இல் லயன் வெளியிட்ட 'இரத்தப் படலம்' பெருந்தொகுப்பு 200 ரூபாய். தீர்ந்துபோன பின் அதைப் பல மடங்கு விலை வைத்து விற்றார்கள், வாங்கவும் வாங்கினார்கள். பத்துப் பேர் கைமாறிய ஏடு இன்று ஒருவர் பெட்டியில் உறங்குகிறது. நண்பர்களே, நீங்கள் காத்தீர்கள், நன்றி. பழைய தாள் கடைக்குப் போய், கடலை மடிக்கும் காகிதமாகாமல் காத்தீர்கள். ஆனால் புதையல் காக்கும் பூதமாகிவிடாதீர்கள். வாடகை நூல்நிலையத்தில் சில்லறைக்குப் படித்தவனின் பிள்ளை, இன்று ஆயிரக்கணக்கில் கொடுத்தால்தான் அதே கதையைத் தொட முடியும் என்றால், அந்த ஏட்டை எவருக்காகக் காத்தீர்கள்?

என்றாலும் குற்றத்தின் பெரும்பங்கு பெட்டி வைத்திருப்பவர் மீதில்லை. 1948இல் விடுதலை பெற்ற இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறோம். பதிப்பித்த நூலின் படியைச் சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கும் அனுப்பவேண்டும் என்று 1954இல் மத்திய அரசும் சட்டம் செய்தது. சட்டம் உண்டு, வரி உண்டு, கட்டடம் உண்டு. அரை நூற்றாண்டுக்கு மேல் தமிழரைப் படிக்க வைத்த படக்கதைகளின் முழு வரிசை எந்தக் கிளை நூலகத்தில், எந்த அலமாரியில் இருக்கிறது? ஓர் ஐயம் வந்து, 1970களின் முத்து காமிக்ஸ் ஒன்றைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்றால், அரசாங்க நூலகத்தைவிட யாரோ ஒரு ரசிகரின் படுக்கையறையைத் தேடிப் போவதே எளிது!

சப்பானியர் என்ன செய்தார்கள்? கியோத்தோ நகரில் பழைய தொடக்கப் பள்ளிக் கட்டடம் ஒன்றை எடுத்து, 2006இல் அதைப் படக்கதை அருங்காட்சியகம் ஆக்கினார்கள். சுவர் சுவராக 50,000 புத்தகங்கள், எவரும் கையில் எடுத்துப் படிக்கலாம். ஏன், அவ்வளவு தொலைவு போவானேன்! நம் செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் நூல்களோடு நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பு என்று பிறர் குப்பை என்றவற்றையும் சேர்த்தார். அவரையும் சிரித்திருப்பார்கள். 1992இல் அவர் மறைந்த பின், அந்தக் 'குப்பை'யின் அருமை அறிந்து விலை கொடுத்து வாங்கியது சிக்காகோப் பல்கலைக்கழகம். அதுவே 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. தமிழனின் தாளுக்குத் தமிழன் விலை சொல்லுமுன் அமெரிக்கன் விலை சொல்ல வேண்டியிருந்தது. மாயாவிக்கும் அப்படி ஒரு சிக்காகோ வரட்டும் என்று காத்திருக்கிறோமா?

காத்திருக்கத் தாள் இடம் தராது. மரக்கூழில் செய்த மலிவுத் தாள் அது. தாளுக்குள்ளேயே அமிலம் ஊறுகிறது. ஓரம் முதலில் பழுக்கும், பிறகு நடுப்பக்கமும் பழுக்கும், பிறகு திருப்பும்போதே ஒடியும். வெப்பமும் வெளிச்சமும் அதை விரைவுபடுத்தும், இராமநாதபுரத்துச் சீமையில் இவ்விரண்டுக்கும் பஞ்சமில்லை. அந்த வெயிலை நம்பித்தான் 2016இல் கமுதிப் பக்கம் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுப்பினார்கள். மின்சாரம் பாய்ந்தால் மாயாவி மறைவான் என்று கதையில் படித்தோம். ஊருக்கு மின்சாரம் வந்துவிட்டது. மறைந்துகொண்டிருப்பது மாயாவியின் உடலன்று, அவன் கதை அச்சான தாள்!

நாம் கேட்பது மாளிகை அன்று. பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் நூலகம் ஒவ்வொன்றிலும், கமுதியிலிருந்தே தொடங்கி, படக்கதைக்கு ஓர் அலமாரி. பெரியவர் பிரிவில், குழந்தைகள் மூலையில் அன்று. சிவகாசியிலிருந்து இன்றும் வெளிவரும் புது இதழ்களுக்கு முறையான சந்தா. பழையனவற்றைத் தர முன்வரும் ரசிகரிடம் ஒரு படி பெற்று, அமிலம் தாக்காத உறையிலிட்டு, எண் இட்டு, கேட்பவருக்குக் கேட்ட இடத்தில் படிக்கக் கொடுத்தல். எந்த ஆண்டு எந்த இதழ் வந்தது என்று பட்டியல் இல்லையே என நூலக ஆணைக்குழுவினர் தயங்க வேண்டாம். நீங்கள் பார்த்துச் சிரித்தீர்களே, அந்த ஐம்பது வயதுக்காரர்கள், அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள். எண் வரிசையோடு, அட்டைப் பட நிறத்தோடு, மனப்பாடமாகச் சொல்வார்கள்.