எங்கள் பக்கத்துக்கு ஒரு பட்டியல் போடுங்கள்

போன மாசம் எங்கள் தெருமுனை வீட்டை இடித்துவிட்டார்கள். திருமுல்லைவாயலில் மிச்சமிருந்த நாட்டு ஓட்டு வீடுகளில் அதுவும் ஒன்று. நீளத் திண்ணை, இரண்டு தேக்குத் தூண், உள்ளே முற்றம். காலை ஏழு மணிக்கு ஜேசிபி வந்தது, பதினோரு மணிக்கு ஓடு, உத்திரம், சுவர் எல்லாம் மண்மேடு. திண்ணைதான் லேசில் பெயரவில்லை. கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்புப் பூச்சு, பாளம் பாளமாக வந்தது. ஒரு பாளத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மேல்பக்கம் முட்டை ஓடு மாதிரி வழவழவென்று இருந்தது. "வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா சார்?" என்றார் வண்டி ஓட்டியவர். எனக்குப் பதில் வரவில்லை.

வீட்டுக்காரரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஐந்து பங்காளிகள். மழைக்காலம் வந்தால் எட்டு இடத்தில் பாத்திரம் வைக்க வேண்டும். ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுப்படி ஆகாது. ஃபிளாட் போடுகிறவர் ஆளுக்கொரு வீடு தருகிறேன் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? இடிக்கும் முன் யாராவது ஒருவர் வந்து, இது என்ன வீடு, எந்தக் காலத்தது, முகப்பையாவது விட்டுவைக்க வழி உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? அதுதான் என் வயிற்றெரிச்சல்.

கேட்க வேண்டிய இடம் எது என்று நானே விசாரித்துக்கொண்டு போனேன். ஓர் அலுவலகத்தில் அரை நாள் உட்கார்ந்தேன். "கோயில்னா ஒரு டிபார்ட்மென்ட், கோட்டைன்னா இன்னொண்ணு. வீடுன்னா ஓனர் இஷ்டம்தான் சார்" என்றார் அங்கிருந்தவர். பழைய கட்டடங்களின் பட்டியல் ஏதாவது உண்டா என்றேன். அடுத்த மாடிக்குப் போகச் சொன்னார். அடுத்த மாடியில் கீழே போகச் சொன்னார்கள்.

சென்னைக்குப் பட்டியல் உண்டு. நீதிபதி பத்மநாபன் குழு 467 இடங்களைக் குறித்தது. அதுவும் கட்டடங்களைக் காப்பாற்றப் போட்ட பட்டியல் அல்ல, விளம்பரப் பலகை வழக்கில் பிறந்தது. மவுண்ட் ரோட்டில் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை இடிக்கத் தொடங்கியபோது வழக்குப் போனது. 2010 ஏப்ரலில் வந்த உயர்நீதிமன்றத் தீர்ப்பு அந்தக் கட்டடத்தைக் காப்பாற்றியதோடு, அந்தப் பட்டியலில் உள்ளவற்றையும் பாதுகாக்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அப்போது எங்கள் பக்கத்து அம்பத்தூர் சென்னை மாநகராட்சியிலேயே இல்லை. 2011-ல்தான் சேர்த்தார்கள். ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி அப்போதும் நகராட்சிதான். மாநிலப் பாரம்பரிய ஆணையத்துக்கு 2012-ல் சட்டம் போட்டார்கள். 2021 ஜூனில் 75 உத்தரவுகளோடு வந்த தீர்ப்பிலும் அந்த ஆணையத்தை அமையுங்கள் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒன்பது வருஷத்தில் எங்கள் பக்கத்தில் எத்தனை திண்ணை போயிற்றோ!

எங்கள் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். திருமுல்லைவாயலில் மாசிலாமணீஸ்வரர் கோயில் இருக்கிறது. சுந்தரர் பாடிய தலம். வெள்ளெருக்குத் தூண் இரண்டு, சுவாமிக்கு முதுகு காட்டி வெளியே பார்க்கும் நந்தி, யானையின் பின்புறம் போல வளைந்த தூங்கானை மாட விமானம், சுவரெல்லாம் கல்வெட்டு. பாடியில் சம்பந்தர் பாடிய திருவலிதாயம், அங்கேயும் அதே தூங்கானை மாடம். பூந்தமல்லி திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளம் தங்கிய ஊரும்கூட. 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்த அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் போனது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில்தான் சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானம் நிறைவேறியது. இத்தனையும் ஒரு பஸ் பிடித்தால் ஒரே நாளில் பார்த்துவிடுகிற தூரம்.

வீடுகளுக்கும் பட்டியல் போட்ட இடம் உண்டு. மேற்கு லண்டனில் பெட்ஃபோர்ட் பார்க் என்று ஒரு புறநகர். அங்கே வீடு கட்டத் தொடங்கியது 1875-ல், அதாவது எங்கள் ரயில் பாதை போட்டுப் பத்தொன்பது வருஷம் கழித்து. அந்த வீடுகளையும் ஃபிளாட்டுக்காக இடிக்க ஆரம்பித்தார்கள். குடியிருந்தவர்கள் 1963-ல் சங்கம் சேர்த்துப் போராடினார்கள். 1967-ல் ஒரே மூச்சில் 356 வீடுகள் அரசுப் பட்டியலில் ஏறின. அரண்மனை இல்லை, சர்ச் இல்லை, ஜனங்கள் குடியிருக்கும் வீடுகள். அந்த நாட்டில் பழைய மைல்கல்லும் சிவப்பு டெலிபோன் கூண்டும்கூடப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் ஏறிவிட்டால் தோற்றம் மாறும்படி ஜன்னலை மாற்றக்கூட அனுமதி வாங்க வேண்டும். அங்கேயும் வீட்டுக்காரர்கள் முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள். ஆனாலும் ஜேசிபி வருவதற்கு முன்னால் ஒரு காகிதம் குறுக்கே நிற்கிறது.

இங்கே நல்லது செய்கிறோம் என்று நினைத்துக் கெடுப்பதும் நடக்கிறது. சில வருஷத்துக்கு முன் இந்தப் பக்கத்துக் கோயில் ஒன்றில் கும்பாபிஷேகத் திருப்பணி. பழைய கல் தரையின் மேல் பளபளவென்று டைல்ஸ் ஒட்டினார்கள். சுவரின் அடிப்பட்டையில் ஓடிய கல்வெட்டு எழுத்து வரிசையில் பாதி டைல்ஸுக்குக் கீழே போய்விட்டது. மீதி எழுத்துகள்மேல் பெயின்ட். "கோயில் இப்பத்தான் சுத்தமா இருக்கு" என்று என் பக்கத்தில் நின்ற அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்கு உள்ள பக்தியை நான் குறை சொல்வேனா? இந்தக் கல்லில் யாரோ விளக்கு எரிக்க ஆடு கொடுத்த கணக்கு இருக்கலாம், நம் ஊரின் பழைய பெயர் இருக்கலாம் என்று அவருக்குச் சொல்ல அங்கே ஒரு பலகை இல்லை.

பெரிய செலவு ஒன்றும் கேட்கவில்லை. கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேரைக் கேமராவோடு அனுப்பினாலே அம்பத்தூர் பழைய தெருக்களையும் பூந்தமல்லி கடைத்தெருவையும் ஒரு கோடை விடுமுறையில் பட்டியலாக எழுதிவிடலாம். பட்டியலில் ஏறும் வீட்டுக்கு ஓடு மாற்றவாவது கொஞ்சம் பணம் கொடுங்கள், வீட்டு வரியைக் குறையுங்கள். கையில் ஒன்றும் கொடுக்காமல் இடிக்காதே என்று மட்டும் சொன்னால் எந்தப் பங்காளி கேட்பான்?

நேற்று சாயங்காலம் அந்தத் தெருமுனை வீடு இருந்த பக்கம் போனேன். அஸ்திவாரக் குழி தோண்டிவிட்டார்கள். பழைய செங்கல்லை ஓரமாக அடுக்கிவைத்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். தெருவில் இன்னும் மூன்று ஓட்டு வீடுகள் இருக்கின்றன. ஒன்றின் வாசலில் அளவு டேப்போடு இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.