தேவையும் கேள்வியும்: புளியங்குளச் சந்தியிலிருந்து ஒரு மறுப்பு

பொருளியல் கற்கப் புகுவோர் முதல் மாதத்திலேயே மனனஞ் செய்துவிடும் கோட்பாடு ஒன்றுண்டு. நுகர்வோனே சந்தையின் இறைவன். அவனுடைய தேவைகளையும் விருப்பங்களையும் அறிந்து நிறைவு செய்பவன் முயற்சியாளன். அப்பணிக்குக் கிடைக்கும் வெகுமதியே இலாபம். நிலம், உழைப்பு, மூலதனம் என்ற மூன்றையும் ஒன்றுகூட்டும் நான்காவது காரணி என அவனுக்கு நாம் சிம்மாசனமும் இட்டிருக்கிறோம். இக்கோட்பாடு முற்றும் பொய்யென்று கூற யான் முன்வரவில்லை. ஆயின் இதனை ஓதுவோர், வவுனியாவுக்கு வடக்கே, கண்டி வீதியிலிருந்து நெடுங்கேணிக்குப் பாதை பிரியும் புளியங்குளச் சந்தியில் ஒரு நாழிகை நின்று பார்த்தல் வேண்டும். கடந்த அரை நூற்றாண்டில் அச்சந்தியைக் கடந்த பொருள்களின் வரலாறு இவர்களுக்குச் சாட்சி சொல்ல வராது.

தேவை வேறு, கேள்வி வேறு. பிள்ளைக்குப் பால் வேண்டும் என்பது தேவை. அதனை வாங்கும் பணமும் கையில் இருந்தாலே அது கேள்வியாகும். சந்தை கேள்வியை மட்டுமே கேட்கும். தேவையைக் கேட்கும் செவி அதற்கு இல்லை. இவ்வேறுபாட்டை முதற் பாடத்திற் கூறிவிட்டு இரண்டாம் பாடத்தில் மறந்துவிடுவதே நமது விரிவுரை மண்டபங்களின் வழக்கம்.

1970 தொடக்கம் 1977 வரை இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் மிளகாய் பயிரிட்ட இளைஞர் நாட்டின் தேவையொன்றை நிறைவு செய்தனர், தாமும் நிமிர்ந்தனர். 1977 இன் பின் சந்தை திறந்துவிடப்பட்டது. வெளிநாட்டு மிளகாய் வந்திறங்கியது. மக்களின் நாவில் உறைப்பு மாறவில்லை, தேவையும் மாறவில்லை. மாறியது அதனை நிறைவு செய்து இலாபம் பெறுவோர் யார் என்பதே.

அடுத்து வந்தது 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடை. பெற்றோல், டீசல், சீமெந்து, பற்றரி, மெழுகுதிரி, யூரியா எனத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெயும் மருந்தும் அருந்தலாயின. அக்காலத்தில் வன்னியின் தேவைகளை நிறைவு செய்தவர் யாவர்? மூலதனமுடையோர் அல்லர். வெற்று ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, சிறிதளவு மண்ணெண்ணெயை ஊற்றி, துவிச்சக்கரவண்டி ரியூப்பின் வால்வினூடாகத் திரியைச் செலுத்தி ஒரு விளக்கைச் செய்தான் ஒருவன். அவன் பெயரை எவரும் அறியார். அவ்விளக்கின் ஒளியில் ஒரு தலைமுறை படித்துச் சோதனை எழுதியது. சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டினர் திருத்தகக்காரர். வண்டியின் டைனமோவைக் கையால் சுழற்றி வானொலி கேட்டனர். சவர்க்காரம் அற்றபோது பனம்பழம் உடுப்புத் தோய்த்தது. இருப்பவற்றைப் புதிய முறையிற் சேர்ப்பவனே முயற்சியாளன் என 1911 இல் எழுதிய சும்பீற்றர், இவர்களைக் கண்டிருந்தால் தம் இலக்கணத்துக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டைத் தேடியிருக்கமாட்டார்.

ஆயினும் ஜாம் போத்தல் விளக்கால் எவரும் செல்வந்தராகவில்லை. கண்டவரெல்லாம் செய்யக்கூடியதாயிருந்தமையால் அதில் இலாபம் தங்கவில்லை. அதே காலத்தில் செல்வந்தரானோர் வேறு சிலர்: சவர்க்காரத்தையும் மண்ணெண்ணெயையும் ஒளித்துவைத்து, விலை ஏறும்வரை பொறுத்திருந்தோர். இவ்விரு சாராரையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஓருண்மை புலனாகும். இலாபம் என்பது நிறைவு செய்யப்பட்ட தேவையின் அளவுகோல் அன்று, அருமையின் அளவுகோல். அருமையைத் தீர்ப்பவனுக்கும் அருமையைப் பேணுபவனுக்கும் சந்தை ஒரே பெயரையே சூட்டுகிறது. பல வேளைகளில் இரண்டாமவனுக்கே கூடுதலாகக் கொடுக்கிறது. அரசு அனுப்பிய உலருணவை அந்நாளிற் பங்கிட்டவை பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் என்பதையும் இங்கு குறித்தல் தகும். அவற்றின் ஊழலையும் அரசியற் செல்வாக்கையும் நாம் அறியாதோர் அல்லோம். எனினும் பணமில்லாதவனின் பெயரும் பதிவில் இருந்த ஒரேயொரு கடை அதுவே.

2002 இல் தடை நீங்கிப் பாதை திறந்தபோது புளியங்குளத்தில் விடுதலைப் புலிகளின் சோதனைச் சாவடி இருந்தது. வடக்கே சென்ற பண்டங்களுக்கு வரி அறவிடப்பட்டது. அவ்வரியைச் செலுத்தியவர் வணிகர் என்று சொல்வது மரபு. உண்மையிற் செலுத்தியவன் பாண் வாங்கச் சந்திக்கு வந்தவனே.

2009 இன் பின் நிகழ்ந்தவை நம் கண்முன் உள்ளன. வீடிழந்து, கிணறு தூர்ந்து, மாடிழந்து திரும்பிய மக்களிடம் முதலில் விரைந்து வந்தவர்களுள் குத்தகைக் கம்பனிக்காரரும் நுண்கடன்காரரும் முன்வரிசையில் நின்றனர். கிணற்றை இறைக்க அன்று. மோட்டார் சைக்கிளை வாங்க. உற்பத்தியாளனே விருப்பத்தை உண்டாக்கிப் பின் தானே அதனை நிறைவு செய்கிறான் என 1958 இல் கல்பிரெயித் எழுதியது செல்வம் கொழித்த அமெரிக்கச் சமுதாயத்தைப் பற்றி. வருமானமே இல்லாத சமுதாயத்திலும் அது நிகழும் என்பதை வன்னி காட்டிற்று. பணத்துக்குப் பதிலாகக் கடனைக் கையில் திணித்தாற் போதும். வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற நுண்கடன்களை 2018 இல் அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்தது. நுகர்வோர் இறைமை என்பதன் அழகு இது! தன் ஆட்சியைத் தவணையிற் செலுத்தும் அரசனை வேறெங்கும் காணோம்.

வங்கியும் கடையும் இல்லாத வாழ்வை யான் விரும்புகிறேன் என எவரும் கருதற்க. விடியற்காலையில் தேநீர்க்கடையைத் திறப்பவரும், உழவு இயந்திரத்தை வாடகைக்கு ஓட்டுபவரும் அயலவரின் தேவையை அயலிலிருந்தே அறிந்தவர்கள். என் வழக்கு அவர்களோடு அன்று. சந்தியில் நின்று நெல் லொறிகளை எண்ணிப் பாருங்கள். அறுவடையான கையோடு, ஈரம் காயாத நெல் தெற்கு நோக்கிச் செல்கிறது. பின்னர் பொலன்னறுவை ஆலைகளின் அரிசி, அச்சடித்த பைகளில், அதே வீதியால் வடக்கு நோக்கி வருகிறது. விளைவித்தவனே விலை கொடுத்து வாங்குகிறான். காயவைக்கத் தளமும், சேமிக்கக் களஞ்சியமும், இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கடனும் அவனிடம் இல்லை. மோட்டார் சைக்கிளுக்கு அரை மணியிற் கடன் தரும் முகவர், நெல்லை ஈடாக வைத்துக் கடன் கேட்டால் தலைமைக் காரியாலயத்தைக் கேட்கவேண்டும் என்கிறார்.

இத்தேவை எவருக்கும் தெரியாததன்று. அதை நிறைவு செய்தால் இலாபம் மெல்லவே வரும், அதுவும் பலருக்குப் பிரிந்து போகும் என்பதாலேயே முயற்சியாளர் அதனை அண்டுவதில்லை. அங்கேதான் கூட்டுறவுக்கும் அரச முதலீட்டுக்கும் இடமுண்டு. புளியங்குளத்துக்குத் தெற்கே, பம்பைமடுவில், 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கும் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வணிகக் கற்கைகளுக்கென ஒரு பீடமே உள்ளது. அங்கு பயிலும் நண்பர்கள் அடுத்த சோதனையில் முயற்சியாளனை வரையறுக்கும்போது, ஒரு போக நெல்லைக் காயவைத்துக் காக்க எத்தனை சதுர அடித் தளம் வேண்டும், அதற்கு எவ்வளவு செலவாகும் என்ற கணக்கையும் விடைத்தாளில் எழுதிப் பார்ப்பார்களாக.