தண்டவாளம் போனால் என்ன, தடம் இருக்கிறதே!

லப்பைக்குடிக்காட்டுப் பையன்கள் இரண்டு நாள் சைக்கிள் பயணத்துக்கு இடம் தேடினால் அமெரிக்காதான் கண்ணில் படுகிறது. கம்பர்லேண்டிலிருந்து பிட்ஸ்பர்க் வரை 240 கி.மீ.! ரயில் நின்றுபோன தடத்தைச் சைக்கிள் பாதையாக்கி 2013-இல் முடித்தார்கள். ரயிலுக்குச் செங்குத்து ஏற்றம் ஆகாதே, அதனால் புதிதாக மிதிப்பவனும் ஓட்டலாம்.

நம்மிடம் தடம் இல்லையா? (பெரம்பலூர் டவுனுக்கு ரயிலே வரவில்லை, அது தனிக்கதை.) பாம்பன்–தனுஷ்கோடி பாதையை 1964 டிசம்பர் புயல் தின்றது, ஸ்டேஷன் இடிந்து நிற்கிறது. அந்தத் தடத்தில் போய், ராமேசுவரத்தில் தங்கித் திரும்பினால் நிதானமாக இரண்டு நாள்.

"மணல் மூடிவிடும்" என்பார்கள். 2017-இல் அரிச்சல்முனை வரை திறந்த தார் ரோட்டை மட்டும் மணல் மூடாதா? காருக்காக அள்ளுகிறவர்கள் சைக்கிளுக்கும் அள்ளட்டுமே!