தடுக்கட்டும், சொல்லிவிட்டுத் தடுக்கட்டும்

களியக்காவிளை சோதனைச் சாவடியில் ஒரு லாரியைத் திருப்பி அனுப்பினால், ஏன் என்று டிரைவருக்குத் தெரியும். கேரளத்திலிருந்து கோழிக்கழிவு ஏற்றி வந்திருப்பார், இல்லையென்றால் பெர்மிட் சரியாக இருக்காது. போலீஸ்காரர் முகத்துக்கு நேரே சொல்வார், டிரைவரும் நாலு வார்த்தை எதிர்த்துப் பேசுவார், கடைசியில் வண்டி திரும்பும். மெயிலில் போகும் அட்டாச்மென்ட்டுக்கு அந்த மரியாதைகூடக் கிடைப்பதில்லை. அனுப்பியவர் கணினியில் மெயில் போய்விட்டதாக இருக்கும். பெற வேண்டியவருக்கு வந்திருக்காது. நடுவில் ஒரு சர்வர் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு இரண்டு பேரிடமும் ஒன்றும் சொல்லாது.

இரணியல் பக்கம் எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி நர்சிங் முடித்து, வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றின் இண்டர்வியூவிலும் தேறிவிட்டாள். சர்டிபிகேட், பாஸ்போர்ட், அனுபவச் சான்று எல்லாவற்றையும் மெயிலில் அனுப்பச் சொன்னார்கள். பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்து, அத்தனையையும் ஒரே ஜிப் பைலாக்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று பாஸ்வேர்டும் போட்டு அனுப்பியிருக்கிறாள். பதில் இல்லை. மறுபடி அனுப்பினாள், அப்போதும் இல்லை. "அனுப்பியாச்சு மாமா, அவிய வேற ஆளப் பாத்துட்டாவ போல" என்று சொல்லிவிட்டு ஓய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அங்கேயோ, காகிதம் அனுப்பாத பெண் என்று அவள் பெயரை அடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட இருந்தார்கள். ஏஜெண்டுக்கு போன் போட்டு விசாரித்த பிறகுதான், பாஸ்வேர்டு போட்ட ஜிப் பைலை அந்த மருத்துவமனையின் சர்வர் உள்ளேயே விடுவதில்லை என்று தெரிந்தது. ஒவ்வொரு சான்றையும் தனித்தனி பி.டி.எப். ஆக அனுப்பினாள். அன்றைக்கே கிடைத்துவிட்டது.

போன் போடாமல் விட்டிருந்தால் ஒரு வேலை போயிருக்கும். எதனால் போனது என்று அவளுக்கும் தெரிந்திருக்காது, அவர்களுக்கும் தெரிந்திருக்காது. வளைகுடாவுக்கோ ஐரோப்பாவுக்கோ காகிதம் அனுப்பாத தெரு எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இல்லை என்பதால் இதை ஒரு வீட்டுக் கதையாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

தடுப்பு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. 1992 மார்ச் 11 அன்று அமெரிக்காவில் நத்தானியல் போரன்ஸ்டைன் என்ற ஆராய்ச்சியாளர், தன்னுடைய பாட்டுக் குழுவின் படத்தையும் அவர்கள் பாடிய பாட்டையும் ஒரு மெயிலோடு சேர்த்து அனுப்பினார். இன்று நாம் அனுப்பும் அட்டாச்மென்ட் முறை அதிலிருந்து தொடங்குகிறது. எட்டே வருடத்தில் அதே வழியாக நஞ்சு வந்தது. 2000 மே 4 அன்று பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' வைரஸ் ஒரு காதல் கடிதம்போல வந்தது. பைல் பெயரைப் பார்த்தால் சாதாரண எழுத்துக் கோப்பு. பெயரின் வால்பகுதியை விண்டோஸ் மறைத்துக் காட்டியதால், அது ஓடக்கூடிய நிரல் என்று திறந்தவர்களுக்குத் தெரியவில்லை. திறந்ததும் கணினியில் இருந்த படங்களையும் கோப்புகளையும் அழித்து, முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டது. அடுத்த மாதமே மைக்ரோசாப்ட் தன் அவுட்லுக் மென்பொருளில் இப்படிப்பட்ட பைல்களைத் திறக்கவே விடாத தடையைக் கொண்டுவந்தது. 2017-இல் ஜிமெயில் ஜாவாஸ்கிரிப்ட் பைல்களையும் நிறுத்தியது. 2022-இல் இணையத்திலிருந்து வரும் வேர்டு, எக்செல் கோப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் மேக்ரோ என்ற சிறு நிரல்களை மைக்ரோசாப்ட் தானாகவே முடக்கியது. உடனே திருடர்கள் ஒன்நோட் பைல்களுக்கு மாறினார்கள்.

அந்த நர்ஸ் பெண்ணின் மெயிலை ஒரு சர்வர் ஏன் சந்தேகப்பட வேண்டும்? வங்கதேச மத்திய வங்கியில் நடந்ததைப் பார்த்தால் விளங்கும். 2015 ஜனவரியில் அந்த வங்கியின் ஊழியர்கள் சிலருக்கு, வேலை கேட்டு ஒரு மெயில் வந்தது. பணிவான நடை. பயோடேட்டாவை இந்த லிங்க்கில் இறக்கிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. அப்படி உள்ளே நுழைந்தவர்கள் ஒரு வருடம் காத்திருந்து, 2016 பிப்ரவரியில் 8.1 கோடி டாலரை பிலிப்பைன்ஸுக்குக் கடத்தினார்கள். இலங்கையில் ஓர் அறக்கட்டளைக்குப் போன 2 கோடி டாலர், பெயரில் இருந்த எழுத்துப்பிழையால் சந்தேகம் வந்து நின்றது. வேலை கேட்டு வரும் மெயில், கூடவே ஒரு பயோடேட்டா. உலகம் முழுக்கத் திருடர்களுக்குப் பிடித்த வேஷங்களில் அதுவும் ஒன்று. உண்மையாக வேலை தேடும் நம் பிள்ளைகள் அனுப்புவதும் அதே உருவத்தில்தான் போய்ச் சேருகிறது.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு எச்சரிக்கை உண்டு. கன்னியாகுமரியிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் கூடங்குளம் அணுமின் நிலையம். 2019 செப்டம்பர் 4 அன்று, அதை நடத்தும் அணுமின் கழகத்தின் கணினி ஒன்றில் தீநிரல் இருப்பதாக மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தெரிவித்தது. செய்தி வெளியே கசிந்தபோது, அக்டோபர் 29 அன்று மின்நிலையத் தரப்பில் மறுத்தார்கள். மறுநாளே அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த கணினி அது, உலையை இயக்கும் அமைப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றது. நம் ஊர்க்காரர்களும் வேலை பார்க்கும் இடம் அது. அங்கே மெயில் சர்வர் கொஞ்சம் கறாராக இருந்தால் நான் நன்றிதான் சொல்வேன்.

பாஸ்வேர்டு போட்ட ஜிப் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊர் சென்டர்களில் இதைப் பாதுகாப்பு என்று நினைத்து நல்லெண்ணத்தோடு செய்து கொடுக்கிறார்கள். பூட்டிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வைரஸ் ஸ்கேனரால் பார்க்க முடியாது. அதனால் திருடர்களும் அதே பூட்டைப் பயன்படுத்துகிறார்கள், சாவியை மெயிலிலேயே எழுதியும் விடுகிறார்கள். ஜப்பானில் பல அலுவலகங்கள் பூட்டிய ஜிப்பை ஒரு மெயிலிலும் பாஸ்வேர்டை அடுத்த மெயிலிலும் அனுப்புவதை ஒரு சடங்காகவே வைத்திருந்தன. இரண்டும் ஒரே வழியில் போகும்போது அதில் என்ன காவல்? 2020 நவம்பரில் அந்நாட்டு டிஜிட்டல் துறை அமைச்சர் ஹிராய் தாகுயா, அமைச்சரவை அலுவலகத்தில் அந்த வழக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தார்.

என் கோபமெல்லாம், தடுத்துவிட்டு யாரிடமும் சொல்லாத அந்த மௌனத்தின் மீதுதான். அதற்கும் ஒரு காரணம் சொல்வார்கள். திருடர்கள் அடுத்தவர் முகவரியை அனுப்புநராகப் போட்டு மெயில் விடுகிறார்கள், தடுத்த ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டால் சம்பந்தமில்லாத அப்பாவிகளின் பெட்டியில் போய்க் குவியும் என்பார்கள். உண்மைதான். ஆனால் மெயிலை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு தடுப்பதற்குப் பதிலாக, வாசலிலேயே வாங்க மறுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அனுப்பும் சர்வரே தன் வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்லிவிடும். ஜிமெயில் அப்படித்தான் 552 5.7.0 என்ற எண்ணோடு திருப்பி அனுப்புகிறது. பிறகு தடுக்க வேண்டி வந்தால்கூட, பெற வேண்டியவருக்கு "இன்னாரிடமிருந்து வந்த ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறோம்" என்று ஒரு வரி அனுப்பலாம். பல நிறுவனங்கள் அனுப்பவும் செய்கின்றன.

அப்படித் திரும்பி வரும் ஆங்கில மெயிலைக் கண்டதும் அழித்துவிடாதீர்கள். புள்ளி வைத்த மூன்று எண்கள் அதில் எங்காவது இருக்கும். 5.7 என்று தொடங்கினால் பாதுகாப்பு அல்லது அலுவலக விதி காரணமாகத் தடை. 5.3.4 என்றால் மெயில் அளவு அதிகம். 5.1.1 என்றால் முகவரி தப்பு, 5.2.2 என்றால் அவர்கள் பெட்டி நிரம்பிவிட்டது. அளவு விஷயத்தில் பலர் ஏமாறுவது ஒன்று உண்டு. மெயிலில் போகும்போது பைல் எழுத்துகளாக மாற்றப்பட்டு மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். 20 எம்.பி. வரை வாங்கும் சர்வர், உங்கள் 16 எம்.பி. ஸ்கேனைத் திருப்பி அனுப்புவது அதனால்தான். சான்றிதழை ஸ்கேன் செய்ய 200 டி.பி.ஐ. தாராளம், 600 வேண்டாம்.

காரணம் தெரியாதபோது மனிதர்கள் சுற்றுவழி தேடுவார்கள். சென்டர் பையன் பைல் பெயரின் வாலை மாற்றிக் கொடுப்பான். இல்லையென்றால் பாஸ்போர்ட்டை வாட்ஸ்அப்பில் முன்பின் தெரியாத எண்ணுக்கு அனுப்பச் சொல்வான். ஸ்கேன் காப்பியெல்லாம் அந்தக் கடைக் கணினியின் டவுன்லோட்ஸில் கிடக்கும், அடுத்து வந்து உட்காருகிறவர் திறந்து பார்க்கலாம். இன்னும் மோசம், "அந்த செக்யூரிட்டி செட்டிங்கை ஆப் பண்ணிரு" என்ற ஆலோசனை. போனில் கல்யாண அழைப்பிதழ் என்ற பெயரில் வரும் ஏ.பி.கே. என்ற செயலி பைல்களைப் பற்றி 2024-இலேயே வெவ்வேறு மாநிலப் போலீஸார் எச்சரித்தார்கள். தடையை அணைத்துப் பழகிய கை அதையும் நிறுவி, வங்கிக் கணக்கைத் திறந்து கொடுத்துவிடும். பணம் போனால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். ஊமைத் தடுப்பு மக்களைப் பாதுகாப்பிலிருந்து விரட்டுகிறது என்பது என் உறுதியான கருத்து.

மத்திய அரசின் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட மெயில் கணக்குகள் இன்று ஜோஹோ நிறுவனத்தின் மென்பொருளில் இயங்குகின்றன. அந்த நிறுவனத்துக்கு நம் பக்கத்தில் தென்காசி மத்தளம்பாறையிலேயே அலுவலகம் இருக்கிறது. தமிழில் எழுதியவரின் மெயில் தடுக்கப்பட்டால் அந்தத் தகவலும் தமிழில் போக வேண்டும் என்று அவர்களிடமும், அரசு மெயிலைக் கவனிக்கும் தேசிய தகவல் மையத்திடமும் கேட்கிறேன். செய்யக்கூடியவர்கள் அவர்கள்.

கல்லூரிகள், மருத்துவமனைகள், ஆட்சியர் அலுவலகம் உட்பட மெயிலில் விண்ணப்பம் கேட்கும் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். எந்த வகைப் பைல், எத்தனை எம்.பி. வரை, மெயில் போகவில்லை என்றால் எந்த வழியில் கொடுப்பது, வந்துசேர்ந்ததா என்று எந்த எண்ணில் கேட்பது. இவ்வளவையும் அறிவிப்பிலேயே, கடைசித் தேதிக்குப் பக்கத்தில், தமிழில் அச்சிடுங்கள். அந்த எண்ணில் போனை எடுக்க ஓர் ஆளையும் வையுங்கள்.