எத்தனை வருஷமானால் சரித்திரம்?

“நேற்று நடந்ததெல்லாம் சரித்திரமாகுமா? 100 வருஷமாவது போகவேண்டாமா?” என்பதாகச் சில பெரிய மனிதர்கள் கேட்கிறார்கள். இந்த 100 எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்கிறோம்.

1958-ம் வருஷத்துச் சட்டம் 100 வருஷத்துக்குக் குறையாத கட்டடத்தையே புராதனச் சின்னம் என்கிறது. 1972-ம் வருஷத்துச் சட்டமோ பழம்பொருளுக்கு 100 வருஷமும், கையெழுத்துப் பிரதிக்கு 75 வருஷமும் விதிக்கிறது. இவை பொருள்களைக் காப்பாற்ற ஏற்பட்ட கணக்கே தவிர, எது சரித்திரம் என்று தீர்ப்புச் சொல்ல வந்தவையல்ல.

திருவொற்றியூர்க் கோயில் சுவரைப் பாருங்கள். சோழர் காலத்தில் தானம் கொடுத்தவன் பேரையும் வருஷத்தையும் அப்போதே கல்லில் வெட்டினார்கள். 100 வருஷம் போகட்டுமென்று எவனும் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் இன்று அது சரித்திரமாகியிருக்குமா?

உழைப்பவன் சங்கதி என்ன ஆயிற்று? 1921-ல் சென்னை பின்னி ஆலை வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நடந்தது. புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிக்கு ஆட்கள் பலியானார்கள். இப்போது 100 வருஷமும் தாண்டிவிட்டது. கூலியிழந்தவனையும் குடிசையிழந்தவனையும் கேட்கலாமென்றால், யார் மிச்சமிருக்கிறார்கள்? சர்க்கார் தஸ்தாவேஜும் முதலாளி கணக்குந்தான் மிச்சம்.

“கிட்ட இருந்து சொன்னால் பட்சபாதம் வருமே” என்பார்கள். வரட்டுமே! பட்சபாதமுள்ள சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். செத்த சாட்சியை என்ன செய்வது?

எண்ணூரைப் பாருங்கள். 2017 ஜனவரி 28-ந் தேதி கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை மனிதர்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் மீனவர் படகையும் வலையையும் பாழாக்கிற்று. அதே மாதம் 26-ந் தேதி நள்ளிரவில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தேதியும் சாட்சியும் உள்ள இது வெறும் ‘சம்பவ’மாம்! தேதியே இல்லாத புராணம் மாத்திரம் சரித்திரமாம்! இதைவிட வெட்கக்கேடு உண்டா?

ஆகவே, சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் பாரம் இறக்கும் தோழர்களே, வலையிழுக்கும் தோழர்களே! கண்டதைத் தேதியோடு எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொல்லி எழுதச் செய்யுங்கள். கண்டதைக் கண்டதென்றும், கேட்டதைக் கேட்டதென்றும் பிரித்து எழுதுங்கள். இரண்டையும் கலந்தால் அதுவும் நாளைக்குப் புராணமாகிவிடும்.

சரித்திரத்துக்கு வேண்டியது வயதல்ல, ஆதாரமே.