பழைய லேப்டாப்புக்கு நீங்களே டெத் சர்டிபிகேட் எழுதாதீங்க மக்களே

1/
நீளமான இழை. மருந்தைப் பத்தி இல்ல, பழைய லேப்டாப்பைப் பத்தி. "டாக்டருக்கு என்னத்துக்கு இந்த வேண்டாத வேலை"ன்னு கேக்க வர்றவங்க 3-ஆவது பதிவு வரைக்கும் படிச்சிட்டுக் கேளுங்க.

2/
கீரிப்பாறைல ரப்பர் பால்வெட்டுக்குப் போற அக்கா ஒருத்தங்க. மாசாமாசம் பிரஷர் மாத்திரை வாங்க வருவாங்க. (அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.) எப்பவும் கட்டுக்குள்ள இருக்கிற பிரஷர் அன்னைக்கு 170/100. "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களாக்கா?"ன்னு கேட்டேன். "போடுகேன் டாக்டரே, ஒறக்கந்தான் இல்ல"ன்னாங்க.

3/
மகள் காலேஜ்ல படிக்கிறா. அண்ணனுக்கு பிளஸ் டூ-வுல அரசு கொடுத்த லேப்டாப்பைத்தான் அவளும் வச்சிருந்தா. கடையில காட்டினப்ப, "விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சு, இதுல 11 ஏறாது, பழைய இரும்புக்கடைல போடுங்க. புதுசு 35,000 ஆகும்"னு சொல்லிட்டாங்க. அக்கா மகளிர் குழுவுல கடன் கேட்டிருக்காங்க. மழை வந்தா பால்வெட்டு நடக்காது. ஆனா தவணைக்கு மழை, வெயில் தெரியாது. இப்பச் சொல்லுங்க, இது டாக்டரோட விஷயமா இல்லையா?

4/
கடையில சொன்னது பாதி உண்மை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓட நிறுத்திட்டாங்க. வீட்டுக் கணினிகளை நீட்டிப்புக்குப் பதிவு பண்ணினா 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் உண்டு. விண்டோஸ் 11 ஏறணும்னா டிபிஎம் 2.0 சிப்பும், அவங்க பட்டியல்ல இருக்கிற பிராசஸரும் வேணும். 2018-க்கு முந்தின லேப்டாப்கள் பெரும்பாலும் இதுல தேறாது.

5/
மீதி பாதி பொய். அப்டேட் நின்னா மென்பொருளுக்குத்தான் வயசாச்சுன்னு அர்த்தம். மெஷின் செத்துப்போகல. கண்ணாடி பவர் மாறினா கண்ணாடியை மாத்துவோமா, கண்ணைப் பிடுங்கி எறிவோமா?

6/
"அப்ப அப்டேட் இல்லாமலே ஓட்டிக்கிடுதேன்"னு சிலர் சொல்லுவீங்க. 2017 மே 12-ஐ நினைச்சுப் பாருங்க. வான்னாக்ரை தாக்கினப்ப இங்கிலாந்து அரசு மருத்துவமனைகள் முடங்கிச்சு. நோயாளிகளைத் திருப்பி அனுப்பினாங்க. சுமார் 19,000 அப்பாயின்ட்மென்ட் ரத்தாகியிருக்கும்னு அந்நாட்டுத் தணிக்கைத் துறை மதிப்பிட்டுச்சு. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட் 2 மாசம் முன்னாடியே, மார்ச்லயே வந்தாச்சு. போடலை, அவ்வளவுதான். தடுப்பூசி கையில இருந்தும் போடாம விட்டா என்ன ஆகுமோ, அதேதான்.

7/
இன்னொரு கூட்டம்: "700 ரூபா குடுங்க, விண்டோஸ் போட்டுத் தாறேன்." காசு கொடுத்து வாங்காத விண்டோஸை 'ஒரிஜினல்' மாதிரி காட்ட ஒரு ஆக்டிவேட்டர் ஓட்டுவாங்க. அதுக்கு முன்னாடி ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொல்லுவாங்க. யோசிங்க. காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிட்டுத்தான் உள்ள வருவேன்னு ஒருத்தன் சொன்னா கதவைத் திறப்பீங்களா? அந்த லேப்டாப்லதான் பேங்க் பாஸ்வேர்டும் ஆதாரும் இருக்கு. என்ன மருந்துன்னே தெரியாம போலி டாக்டர்கிட்ட ஊசி போட்டுக்கிறதுக்கும் இதுக்கும் வித்தியாசமே இல்ல.

8/
சரி, வழி என்ன? இலவசமா, சட்டப்படி, பாதுகாப்பு அப்டேட்டோட வர்ற லினக்ஸ். நம்ம இலவச லேப்டாப்லயே விண்டோஸோட சேத்து பாஸ் லினக்ஸும் போட்டுத்தானே கொடுத்தாங்க? சி-டாக் உருவாக்கினது. எனக்குத் தெரிஞ்ச ஒரு பையனும் அதைத் திறந்து பாத்ததில்ல. கொடுத்தவங்க திறக்கச் சொல்லிக்கொடுக்கலைன்னா அது தலைமாட்டுல வச்சும் போடாத மாத்திரைதான்.

9/
தேவையானது 8 ஜிபி பென்டிரைவ் ஒண்ணு, நல்லா ஓடுற வேற ஒரு கம்ப்யூட்டர், ஒரு மாலைப்பொழுது. 4 ஜிபி ரேம் உள்ள மெஷினுக்கு லினக்ஸ் மின்ட்ல எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போதும். மின்ட்டோட சொந்தத் தளத்துல இருந்து மட்டும் ஐஎஸ்ஓ கோப்பை இறக்குங்க. சுமார் 3 ஜிபி. மலையோரத்துல சிக்னல் படுத்துற பாட்டுக்கு, நாகர்கோவில் போற அன்னைக்கு இறக்கிக்கிடுங்க. கூடவே தளத்துல ஒரு செக்சம் எண் இருக்கும். நம்ம கோப்போட எண் அதோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. மருந்து சீல் உடைஞ்சிருக்கான்னு பாக்கிற மாதிரி.

10/
இங்கதான் எல்லாரும் தப்பு பண்றது: ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே பென்டிரைவ்ல காப்பி பண்ணி வச்சிட்டு "பூட் ஆகலையே"ம்பாங்க. அது மாத்திரையை அட்டையோட முழுங்கின கதை. ரூஃபஸ் மாதிரி ஒரு சின்ன மென்பொருள்ல ஐஎஸ்ஓவையும் பென்டிரைவையும் தேர்ந்தெடுத்து 'ஸ்டார்ட்' கொடுங்க. அதுதான் பிரிச்சு எழுதி பூட் ஆகுற மாதிரி ஆக்கும். டிவிடில எழுதினாலும் இதே விதி: 'பர்ன் இமேஜ்'தான், காப்பி இல்ல. பென்டிரைவ்ல ஏற்கெனவே இருக்கிறது எல்லாம் அழியும், கவனம்.

11/
பென்டிரைவைப் பழைய லேப்டாப்ல செருகி, ஆன் பண்ணின உடனே எஃப்12-ஐத் தட்டுங்க (சிலதுல எஃப்9, சிலதுல எஸ்கேப்). பட்டியல்ல பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தா லினக்ஸ் நேரா அதுலருந்தே ஓடும். நீங்களா இன்ஸ்டால் கொடுக்காத வரைக்கும் உள்ள இருக்கிறது எதுவும் மாறாது. பென்சிலினுக்கு டெஸ்ட் டோஸ் போட்டுப் பாக்கிறோம்ல, அதேதான். வைஃபை, சத்தம், கேமரா, பிரிண்டர் எல்லாம் வேலை செய்யுதான்னு பாருங்க.

12/
திருப்தின்னா மட்டும் இன்ஸ்டால். அதுக்கு முன்னாடி போட்டோ, சர்டிபிகேட் எல்லாத்தையும் வேற இடத்துல எடுத்து வைக்கணும். அப்பா போட்டோ போயிருச்சேன்னு பிறகு அழுது பிரயோஜனம் இல்ல. முழு டிஸ்கையும் அழிச்சுப் போடவா, விண்டோஸ் பக்கத்துல போடவான்னு கேட்கும். அந்தத் திரையில மட்டும் ரெண்டு தடவை படிச்சிட்டு அழுத்துங்க.

13/
ஒளிச்சு வைக்காம பக்கவிளைவையும் சொல்றேன். டேலி, போட்டோஷாப் மாதிரி விண்டோஸ் மென்பொருள்ல பிழைப்பு நடத்துறவங்களுக்கு இது சரிப்படாது. சில பழைய பிரிண்டர் முரண்டு பிடிக்கும். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அனுமதி இல்லாம கை வைக்காதீங்க. ஆனா பிரவுசர், ஆன்லைன் கிளாஸ், பிராஜக்ட் ரிப்போர்ட், தமிழ் டைப்பிங்னு ஒரு மாணவிக்கு வேண்டியதுல பெரும்பாலானது இதுல நடக்கும். லிப்ரேஆபீஸ் கூடவே வருது.

14/
"லினக்ஸ் எல்லாம் எஞ்சினியர்களுக்கு"ன்னு சொல்றவங்க களியக்காவிளை தாண்டி எட்டிப் பாருங்க. கேரள அரசுப் பள்ளிப் பிள்ளைங்க உபுண்டுவை அடிப்படையா வச்சு உருவாக்கின லினக்ஸ்லதான் பல வருஷமா படிக்குது. 1956 வரைக்கும் நாமளும் அவங்களும் ஒரே மாநிலம். எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் பிள்ளைக்கு வர்றது இந்தப் பக்கம் பிள்ளைக்கு வராதா?

15/
அக்கா மகளுக்கு நான் போட்டுக்கொடுக்கல. ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துல உக்காந்து சொன்னேன், எல்லாத்தையும் அவளே செஞ்சா. முதல் தடவை பூட் ஆகல, அட்டையோட முழுங்கிட்டா. ரெண்டாவது தடவை ஆச்சு. பேட்டரி போனது போனதுதான், சார்ஜர் போட்டுத்தான் ஓடும். ஆனா ஓடுது. குழுக் கடன் வேண்டாம்னு அக்கா சொல்லிட்டாங்க.

16/
அடுத்த மாசம் பிரஷர் 138/86. அதுக்கு லினக்ஸ்தான் காரணம்னு நான் சொல்லமாட்டேன். மாத்திரையும் மாத்திக் கொடுத்திருந்தேன். ஆனா "இப்ப ஒறக்கம் வருகு டாக்டரே"ன்னு சொன்னதை எந்த மாத்திரைக் கணக்குல எழுத?

17/
வயித்துப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் கலக்க எல்லா அம்மாவுக்கும் தெரிஞ்சிருக்கணும்னு சொல்றோம். பூட்டபிள் பென்டிரைவ் போடுறதும் அந்த மாதிரி ஒரு வீட்டு வைத்தியம்தான். பள்ளி ஆசிரியர்களே, நூலகர்களே, வருஷத்துக்கு ஒரே ஒரு சனிக்கிழமை இதுக்கு ஒதுக்குங்க. பழைய லேப்டாப்போட வர்ற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்க. செலவு ஒரு பென்டிரைவ்.

18/
அந்தப் பென்டிரைவை அவகிட்டயே கொடுத்துட்டேன். பக்கத்து லைன் வீட்டுல ரெண்டு லேப்டாப் ஓடிட்டிருக்காம். உங்க வீட்டு அலமாரில ஒண்ணு கிடக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துத் தூசி தட்டுங்க. சந்தேகம்னா கீழ கேளுங்க, டியூட்டி முடிச்சிட்டுப் பதில் சொல்றேன்.

– ஒரு அரசு மருத்துவர், கீரிப்பாறை